கூப்பிடும்வரை வெளியே

அந்த முகமையில் ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு மாடி உண்டு. மூளையும் நரம்பும் உச்சி மாடியில். அதற்குக் கீழே கண், காது, மூக்கு. அதற்கும் கீழே இதயமும் நுரையீரலும் ஒரே வராந்தாவில் எதிரும் புதிருமாக, ஒரே தண்ணீர்க் குழாய்க்கு மல்லுக்கட்டிக்கொண்டு. பிறகு வயிறு, சிறுநீரகம். தரைத்தளத்தில் எலும்பும் தோலும். யாரும் யோசித்துச் செய்ததில்லை. அந்தந்தக் காலத்தில் எவர் கை ஓங்கியிருந்ததோ அவர் மேலே போனார், மற்றவர்கள் கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டார்கள். ஆனாலும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், அரசாங்கம் ஒரு ஆளை நிற்கவைத்து உறுப்பு உறுப்பாக வாடகைக்கு விட்டிருப்பதுபோல் இருக்கும்.

சின்னவளின் அறை இந்த மாடிகள் எதிலும் சேராது. படிக்கட்டு பாதியில் திரும்புகிற இடத்தில், முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறை அது. லிஃப்ட் அங்கே நிற்காது. கதவில் ‘ஒதுக்கீட்டுப் பிரிவு’ என்று ஒரு பலகை. எந்த மூலையிலிருந்து எந்த மருத்துவர் ஆராய்ச்சிக்கு மனுப் போட்டாலும் அது முதலில் அவள் மேசைக்கு வரும். இது வயிற்றுக்காரர்களுக்கு, இது தோல்காரர்களுக்கு என்று பிரித்து அனுப்புவது அவள் பாடு. பேர் வாங்கித் தருகிற வியாதி என்றால் நான் நீ என்று போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். அப்படி இல்லாத வியாதி என்றால் ஆளாளுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்வார்கள். அதற்கும் ஒரு வாசல் பிடித்துக் கொடுப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் அலுவலகத்தில் அவளுக்குத் தரகரம்மா என்று பெயர். வீட்டில் அவள் சின்னவள். வீட்டுக்குள் போய் முடிகிற கதை இது, ஆகவே நாமும் சின்னவள் என்றே வைத்துக்கொள்வோம்.

முகமையைப் பற்றி வெளியாட்களுக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. அங்கே வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் கண்ணாடிக் குழாயை ஆட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பார்கள். அங்கே யாரும் ஊசி போடுவதில்லை, மருந்து கலப்பதில்லை. அதெல்லாம் மருத்துவமனைகளில் நடக்கும். எந்த ஆராய்ச்சி நடக்கலாம், இன்னும் எத்தனை நாள் நடக்கலாம் என்று சொல்வது மட்டுமே முகமையின் தொழில். சொல்வதற்கு ஒரு மன்றம் இருக்கிறது. மன்றத்தின் முன்னால் எழுந்து நின்று வாசிப்பதற்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவர். எந்தத் தலைவர் வாசிக்கிறாரோ அந்தப் பிரிவின் பிள்ளை அந்த ஆராய்ச்சி. வாசிக்க ஆளில்லாத ஆராய்ச்சி என்று ஒன்று இருக்கவே முடியாது என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கையும்.

சின்னவளின் அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவள். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், மீதிப் பேரைத் திட்டியவள். அவளுக்கு வலதுகைக் கட்டைவிரலில் ஆரம்பித்தது. சாவியைத் திருப்ப முடியவில்லை என்றாள். பிறகு இடதுகை. பிறகு கால். நரம்பு ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற வியாதி அது. கையைக் கொண்டுபோய், காலைக் கொண்டுபோய், கடைசியில் மூச்சு இழுக்கிற தசைக்கு வந்து நிற்கும். மருந்து கிடையாது என்றுதான் பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பெரிய மருத்துவமனையில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, அதில் சேர்ந்தால் ஒரு மாத்திரை தருவார்கள் என்றும் சொன்னார்கள். குலுக்கலில் ஆள் எடுத்தார்கள். அக்காவின் பெயர் வந்தது.

மாத்திரை நோயை நிறுத்தவில்லை, மெதுவாக்கியது. அதை அக்காதான் சரியாகச் சொன்னாள். “கியரைக் குறைச்சிருக்காங்க, அவ்வளவுதான். இறக்கம் இறக்கம்தான்.” ஆனால் அவளோடு அதே நேரத்தில் நோய் கண்டு, குலுக்கலில் பெயர் வராமல் போனவர்கள் யாருக்கும் இப்போது பேச்சு வருவதில்லை. பலர் இல்லவே இல்லை. அக்கா இன்னும் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாய்க்குப் பூட்டுப் போட இன்னும் ஆள் பிறக்கவில்லை.

குலுக்கல் முடிந்த அன்றே சின்னவள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள், இந்த ஆராய்ச்சியில் என் உடன்பிறந்தவள் இருக்கிறாள் என்று. முகமையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாருடைய உறவுக்காரர் ஒரு ஆராய்ச்சியில் இருக்கிறாரோ, அவர் அந்த ஆராய்ச்சியின் தாளைத் தொடக்கூடாது, அதைப்பற்றி யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. மன்றத்தில் அந்தப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். கூப்பிடும்வரை உள்ளே வரக்கூடாது.

ஆண்டுக்கொரு முறை அந்த ஆராய்ச்சி புதுப்பிக்க வரும். ஆண்டுக்கொரு முறை சின்னவள் எழுந்து வெளியே போவாள். நரம்புப் பிரிவின் தலைவர், அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் நரம்புக்காரர், எழுந்து வாசிப்பார். ஆறிய தேநீரை ஒருவர் குடித்து முடிக்கிற நேரத்தில் பியூன் கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிடுவார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் யாராவது ஒருவர் லேசாகத் தலையசைப்பார். அதுவே போதும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதைக் கதையாகவே சொல்வார்கள், நேர்மை என்றால் தரகரம்மாவைப் பார் என்று. உள்ளதைச் சொல்வதென்றால் அவளுக்கும் அது பிடித்திருந்தது. கையைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நிற்கும்போது அவள் முதுகு மற்ற நாட்களைவிடக் கொஞ்சம் நேராக இருக்கும்.

இந்த நேரத்தில்தான் புது இயக்குநர் வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? பழைய இயக்குநர் சுவருக்கு அடித்த பச்சை வண்ணத்தை மாற்றினார், பிறகு முகமையையே மாற்றினார். இதுவரை ஒரு வியாதி எந்த உறுப்பில் தொடங்குகிறதோ அந்த உறுப்பின் பிரிவுக்குப் போகும். இனிமேல் அப்படி இல்லை. கடைசியில் எந்த உறுப்பு நின்று ஆள் போகிறானோ அந்தப் பிரிவுக்குத்தான் சொந்தம். மக்கள் எதனால் சாகிறார்களோ அதற்கு ஒருவர் பொறுப்பு என்று இருக்க வேண்டாமா என்று கேட்டார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. வாசலில் பெரிய வரைபடம் ஒன்றைப் புதிதாக மாட்டினார்கள். கட்டம் கட்டமாகப் பிரிவுகள், கட்டத்துக்குக் கட்டம் கோடுகள். பார்ப்பவர்களுக்கு முகமை நன்றாக நடக்கிறது என்று தோன்றியது.

அக்காவின் வியாதி நரம்பில் தொடங்கி மூச்சில் முடிகிற வியாதி. நரம்புக்காரர் விதியைப் படித்தார், அது இனி நுரையீரலுக்குப் போகட்டும் என்றார். அவருக்கு வேறு ஆயிரம் தலைவலி, ஒன்று குறைந்தது. நுரையீரல் பிரிவுக்குத் தலைவி ஒரு கண்டிப்பான பெண்மணி, நுரையீரலம்மா என்பார்கள். அவரும் விதியைப் படித்தார். புது விதி புது மனுக்களுக்குத்தான், இது பழைய ஆராய்ச்சி, வெறுமனே புதுப்பிக்க வருகிறது, பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்றார். இரண்டு பேரும் சொன்னது விதிப்படி சரி. அதுதான் வினையாயிற்று. இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி கிடந்தான் என்பார்களே, அந்தக் கதை.

புது விதியின் கடைசியில் யாரும் படிக்காத ஒரு வரி இருந்தது. எந்தப் பிரிவிலும் சேராமல் நிற்கிற ஆராய்ச்சிகளை, சேரும்வரை, ஒதுக்கீட்டுப் பிரிவே மன்றத்தில் வாசிக்க வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவு என்றால் படிக்கட்டு அறை. படிக்கட்டு அறை என்றால் சின்னவள். அவளுக்கு உதவியாளர் ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்றுப் போனார். அந்த நாற்காலியில் இப்போது பழைய கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

சின்னவளுக்கு இது புரியாமல் இல்லை. தொடக்கூடாத தாளைத் தானே வாசிக்க வேண்டும் என்று வந்து நிற்கிறதே என்று துணை இயக்குநருக்கு எழுதினாள், வேறு யாரையாவது வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருந்தார். பார்த்தேன் என்றால் சரி என்றா, பார்த்தேன் என்று மட்டுமா என்று தெரியவில்லை. மன்றச் செயலரிடம் நேரிலேயே போனாள். அவர் யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, பார்த்துக்கலாம்மா, மன்றத் தலைவரே வாசிச்சிடுவார் என்றார். அந்தக் கட்டடத்தில் முடியாது என்ற சொல்லுக்குக்கூட வைத்தியம் உண்டு, மேலே போய்க் கேட்கலாம். பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் மாடியே கிடையாது.

இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஆனால் சொந்த அக்கா விஷயத்தில் இரண்டு தடவைக்கு மேல் ஒருவரைப் போய்ப் பார்த்தால் அது சிபாரிசு ஆகிவிடும் என்று அவள் நினைத்தாள். அதனால் போகவில்லை.

மன்றம் கூடிய அன்று காலையில் அக்காவுக்கு அவள்தான் தலை வாரிவிட்டாள். அத்தான் பயிற்சிப் பள்ளிக்குச் சீக்கிரமே போய்விட்டிருந்தார். இப்போது அவர்தான் வண்டியையும் பார்த்துக்கொள்கிறார், திட்டுவதை மட்டும் அக்கா வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறாள். இந்த மாதக் கடைசியோடு மருத்துவமனைக்கு மாத்திரை வருவது நிற்கும், மன்றம் புதுப்பித்தால்தான் மறுபடி வரும் என்பது இருவருக்கும் தெரியும்.

“இன்னிக்குத்தானே நீ வெளிய நிக்கிற நாள்?” என்றாள் அக்கா.

“ஆமா.”

“காலு வலிச்சா உட்காரு. நின்னாத்தான் நேர்மைன்னு ஒண்ணும் இல்ல.”

மன்ற அறை பெரியது. நீள மேசை, அதைச் சுற்றிப் பிரிவுத் தலைவர்கள், ஒரு முனையில் மன்றத் தலைவர். அவர் வெளியிலிருந்து வருகிற முதியவர், பெரிய பேராசிரியராக இருந்தவர், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பிடிவாதம் கிடையாது. இதயம் முடிந்தது. கண் முடிந்தது. செயலர் அடுத்த பொருளைச் சொன்னார், அக்காவின் ஆராய்ச்சியின் நீளமான பெயர் அது. சின்னவள் எழுந்தாள். வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாள், என் உறவினர் இதில் இருப்பதால் வெளியே இருக்கிறேன் என்று. தலைவர் வழக்கம்போல் மரியாதையாகத் தலையசைத்தார். அவள் வெளியே வந்தாள். பியூன் கதவைச் சாத்தினார்.

கதவின் மேல்பாதியில் ஒரு கண்ணாடி உண்டு. பேச்சு கேட்காது, ஆட்கள் தெரிவார்கள். மற்ற ஆண்டுகளில் அவள் அந்தப் பக்கமே பார்த்ததில்லை. இந்த முறை பார்த்தாள்.

தலைவர் தாளைப் புரட்டினார். மேசையைச் சுற்றிப் பார்த்தார், யார் எழப்போகிறார்கள் என்பதுபோல். நரம்புக்காரர் நுரையீரலம்மாவைப் பார்த்தார். நுரையீரலம்மா துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் சின்னவளின் காலி நாற்காலியைப் பார்த்தார், பிறகு செயலரைப் பார்த்தார். செயலர் குனிந்து தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தோளைக் குலுக்கினார். தாளைத் திருப்பினார். மேசையின் மறுகோடியில் சிறுநீரகப் பிரிவின் தலைவர் எழுந்து நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசிக்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். கையைத் தூக்கி யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வண்டியில் பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து, இல்லை என்றதும் பையை வைப்பதுபோல் நடந்து முடிந்துவிட்டது.

சின்னவளுக்கு உடனே புரிந்தது. சொல்லப்போனால் உள்ளே இருந்தவர்களில் யாருக்கும் புரியாததுகூட அவளுக்குப் புரிந்தது. அவள் எழுந்து வெளியே வந்ததையே, இதை இன்று எடுக்க வேண்டாம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டார். பிரிவுக்காரர் யாராவது வாசிப்பார் என்று தலைவர் இருந்தார், செயலர் தலைவர் வாசிப்பார் என்று இருந்தார். கூட்டத்துக்குள் அவளைத் தவிர அந்த ஆராய்ச்சிக்கு ஆள் இல்லை. இப்போது அவளும் வெளியே இருந்தாள்.

அவள் கை தானாகக் கதவு வரைக்கும் போயிற்று. விரலை மடக்கித் தட்டினால் போதும். விட்டுவிட்டீர்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பியூன் ஸ்டூலில் இருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னும் கூப்பிடலையேம்மா.”

அவர் தடுக்கவில்லை. ஞாபகப்படுத்தினார், அவ்வளவே. தட்டியிருந்தால் கையைப் பிடித்திருக்கமாட்டார். சின்னவள் கையை இறக்கினாள். அவளுக்குப் பயம் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டால் அது யாருடைய பல்லோபோல் இருக்குமே, தன் கையைப் பார்க்க அப்படி இருந்தது. சிறுநீரகம் முடிகிறவரை அங்கேயே நின்றாள். நேராகத்தான் நின்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தாள். இந்த முறை யாரும் தலையசைக்கவில்லை, எல்லாருக்கும் பசி. அடுத்து அவளுடைய ஒதுக்கீடுகள். ஒரு தோல் வியாதியை எலும்புக்காரர்களுக்கு மாற்றுவது ஏன் சரி என்று விளக்கினாள். குரல் தெளிவாக வந்தது. யாரோ கேட்ட கேள்விக்கு ஒரு சின்ன நகைச்சுவைகூடச் சொன்னாள், சிரித்தார்கள். தன் வாய் தானாகவே பேசிக்கொண்டிருப்பதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் படியேறினாள், படியிறங்கினாள். விதியை மீறித்தான் போனாள், இனி மீறுவதற்கு என்ன இருக்கிறது. செயலர் நெற்றியில் அடித்துக்கொண்டார். தலைவர் வாசிப்பார் என்று நினைத்ததாகவும் தலைவரோ பிரிவுக்காரர் இல்லாமல் எப்படி என்று கேட்டதாகவும் சொன்னார். நல்ல மனிதர், மெய்யாகவே வருத்தப்பட்டார். மன்றம் கலைந்தபின் ஒரு பொருளை எடுக்க வேண்டும் என்றால் ஏதாவது ஒரு பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும் என்றார். உச்சி மாடிக்குப் போனாள். நரம்புக்காரர் நாற்காலி போடச் சொன்னார், அக்காவைப் பற்றி விசாரித்தார், கையெழுத்துப் போட்டால் அது என் பிரிவு என்று ஒத்துக்கொண்டது ஆகிவிடும், பின்னாலேயே மூச்சில் முடிகிற எல்லா வியாதியும் வந்து வாசலில் நிற்கும் என்றார். நுரையீரலம்மா நாற்காலி போடச் சொல்லவில்லை. ஆனால் காரணம் அதேதான். அவர் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. இதை நீங்கள் வந்து கேட்கலாமா என்றார்.

கடைசியாகத் துணை இயக்குநர். அவர் ‘பார்த்தேன்’ எழுதிய தாளை எடுத்து மறுபடி பார்த்தார்.

“நிராகரிக்கலையேம்மா. எடுத்துக்கலை, அவ்வளவுதான். ரெண்டும் வேற வேற.”

“மாத்திரை நின்னுடும் சார்.”

“நிக்கத்தான் செய்யும்.” அவர் குரலில் இரக்கம் இருந்தது. “அடுத்த கூட்டத்துல முதல் பொருளா வச்சிடறேன். ஆனா அது கூட மாசக்கணக்கு ஆகும், நடுவுல இவ்வளவு இடைவெளி விழுந்தா பழைய ஆளுங்களை வச்சுத் தொடர முடியாது, ஆராய்ச்சி செல்லாதுன்னுடுவாங்க. புது ஆளுங்களை எடுத்து மறுபடி ஆரம்பிக்கலாம்.”

ஆராய்ச்சி பிழைத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தைரியம் சொல்கிறார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. நன்றி சார் என்றாள். சொல்லிப் பழகிய வாய்.

வெளியே வந்தபோது வாசலில் இரண்டு பேர் அந்த வரைபடத்தின் முன்னால் நின்று எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று விரலால் தேடிக்கொண்டிருந்தார்கள். கணவன் மனைவிபோல் இருந்தது. அவளிடம் வழி கேட்டார்கள். அவள் சொன்னாள்.

வீட்டில் அக்கா ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருந்தாள். தெருவில் யாரோ ஒருவன் வண்டியைப் பின்னால் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தான், அவள் உள்ளிருந்தபடியே அவனுக்கு வசவு சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவள் பையை வைத்தாள், கை கழுவினாள், தேநீர் போட்டாள். அக்காவின் இரண்டு கைகளுக்கும் நடுவில் கோப்பையை வைத்து, பிடி இறுகியதும் தன் கையை எடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று அவள் யோசித்து வரவில்லை. அதனால் அலுவலகத்தில் சொல்வதுபோலவே வந்துவிட்டது.

“அக்கா, இந்தத் தடவை எடுத்துக்கலை.”

“வேணாம்னுட்டாங்களா?”

“வேணாம்னு சொல்லலை. எடுத்துக்கலை.”

அக்காவுக்கு விளங்கவில்லை. சின்னவள் முதலிலிருந்து சொன்னாள், தொடங்குகிற உறுப்பு, முடிகிற உறுப்பு, கடைசி வரி, பார்த்தேன், பார்த்துக்கலாம், அடுத்த கூட்டம். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாமல் இருந்ததைச் சின்னவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அப்ப யாருமே தப்பா ஓட்டலை,” என்றாள் அக்கா. “எல்லாரும் அவங்கவங்க தடத்துல ஒழுங்காத்தான் வந்தாங்க. ஆள் மட்டும் அடிபட்டாச்சு.”

“ஆமா.”

“நீ வெளிய இருந்து பாத்துக்கிட்டு இருந்தியா?”

“கண்ணாடி வழியா தெரிஞ்சுது.”

“தட்டலையா?”

சின்னவள் பொய் சொல்லியிருக்கலாம். தட்டினேன், திறக்கவில்லை என்று சொன்னால் யார் போய் விசாரிக்கப்போகிறார்கள். ஆனால் பொய்யும் வரவில்லை.

“கூப்பிடலைக்கா,” என்றாள்.

அக்கா தேநீரைக் குடித்தாள். கோப்பை பல்லில் லேசாக இடித்தது. தெருவில் அந்த வண்டிக்காரன் எப்படியோ வண்டியை வெளியே எடுத்துவிட்டிருந்தான்.

“மத்தவங்களுக்கு?” என்றாள்.

“யாரு?”

“மாத்திரை வாங்க வர்றவங்க. தபால்காரர் இருக்காரு. ரெட்டைப் பிள்ளைக்காரி இருக்கா, இன்னும் பால்குடி மறக்காத பிள்ளைங்க. அந்த வாத்தியாரு, காத்திருக்கிற நேரத்துல எல்லாருக்கும் விடுகதை போடுவாரு. அவங்களுக்கும் இந்த மாசத்தோட சரியா?”

“எல்லாருக்கும்தான்.”

“எனக்காக நீ எந்திரிச்சு வெளிய போனே. சரி. நியாயம்தான். அவங்களுக்காக உள்ள யாரு இருந்தா?”

ஆண்டுக்கணக்காக அந்த ஆராய்ச்சியைச் சின்னவள் அக்கா என்றே நினைத்துவந்திருக்கிறாள். தொடக்கூடாது, பேசக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் தன்னைக் காத்துக்கொண்டதெல்லாம் அக்கா ஒருத்தியை வைத்து. அந்தத் தாளில் வேறு மனிதர்கள் இருந்தார்கள் என்பது ஒருமுறைகூட அவள் மனதில் தைத்ததில்லை. அதை நினைத்து வெட்கமாக இருந்தது. அன்று முழுவதும் அவளுக்கு ஏற்பட்ட ஒரே உணர்ச்சி அதுதான், அதுவும் அதிக நேரம் நிற்கவில்லை, மறுபடி உள்ளே எல்லாம் மரத்துப்போயிற்று.

அக்கா கோப்பையை நீட்டினாள். அவள் வாங்கி வைத்தாள்.

“அடுத்த கூட்டத்துல வரும்னு சொன்னாங்கன்னியே. அப்பவும் எந்திரிச்சு வெளியதான் போவியா?”

இந்தக் கேள்விக்கு மட்டும் சின்னவளுக்குப் பதில் தெரியும். அது அவள் தொழில். யார் எந்த அறைக்குள் இருக்கலாம், யார் கூடாது என்பது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வரும். யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

“இல்லக்கா. அது புது ஆளுங்களை வச்சு நடக்கும். நம்ம ஆளு யாரும் அதுல இல்ல. நான் உள்ளேயே இருக்கலாம்.”

சொன்னபிறகுதான் சொன்னது என்னவென்று அவள் காதில் விழுந்தது. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பயிற்சிக்கு வந்த ஆள் கடைசிப் பரீட்சையில் எல்லா விதியையும் சரியாகச் சொல்லும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

“நல்லதாப் போச்சு,” என்றாள் அக்கா. “அப்ப நீயே வாசி. நல்லா சத்தமா வாசி.”